தஞ்சாவூரிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ரயிலும் படகுமாக: முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. தஞ்சாவூரிலிருந்து 68 வயது அம்மாவையும் ஒன்பது வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு, கார் எடுக்காமல், ரயிலும் படகுமாகவே ஃபோர்ட் கொச்சி போய்வர முடியுமா? சனிக்கிழமை காலை இறங்கி அன்று ராத்திரியே ரயிலேறினால் போதுமா? படகு பாதுகாப்பானதா? உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உண்மையில் உங்களை உறுத்துவது ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றுகிறது: முட்டி வலியோடு அம்மா படகில் ஏறி இறங்க முடியுமா? அதனால் அதை மையமாக வைத்தே சொல்கிறேன். நான் கும்பகோணத்துப் பக்கத்துக்காரன். கப்பல் சரக்கு கிளியரிங் வேலைக்காகக் கொச்சி போய், வீடு ஃபோர்ட் கொச்சியிலும் ஆபீஸ் வில்லிங்டன் தீவிலும் வங்கி வேலை எர்ணாகுளத்திலுமாகப் பல வருஷம் படகிலேயே பிழைப்பை ஓட்டியவன். சுற்றுலா வழிகாட்டி இல்லை. ஹோட்டல் வாடகை, தங்கும் விடுதிப் பெயர்களெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

முடியும், சுலபமாக முடியும். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். காரணம் தூரமல்ல, கிழமை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ரயில். உங்களுக்குத் தஞ்சாவூரிலேயே நேர் வண்டி இருக்கிறது, காரைக்கால் – எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். மாலை மங்கியபின் ஏறினால் திருச்சி, ஈரோடு, பாலக்காடு வழியாக மறுநாள் காலை எர்ணாகுளம் ஜங்ஷனில் கொண்டுபோய் விடும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை இன்னும் டீ கார்டன் எக்ஸ்பிரஸ் என்பார்கள். ஒரு காலத்தில் அந்த வண்டி எர்ணாகுளத்தோடு நிற்காமல் பாலம் தாண்டி வில்லிங்டன் தீவில் இருந்த கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் வரை போனது. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே படகுத்துறை. ரயிலும் படகும் அப்படி ஒட்டியிருந்தது அந்தத் துறைமுகத்தைக் கட்டிய விதத்தால். 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர், கழிமுகத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி, காயலை, அதாவது உப்பங்கழியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். பிறகு தீவுக்குப் பாலம், பாலத்தின்மேல் தண்டவாளம், தண்டவாளத்தின் முடிவில் கப்பல். இன்று ஹார்பர் டெர்மினஸுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. தீவுக்குள் போனால் கட்டிடத்தைப் பார்க்கலாம், ஆனால் உங்கள் பயணத்துக்கு அது வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எர்ணாகுளத்தில் ஸ்டேஷன் இரண்டு. ஜங்ஷனை ஊர்க்காரர்கள் சவுத் என்பார்கள், டவுனை நார்த் என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகளில் ஆலப்புழை வழியாகப் போகிறவை ஜங்ஷனைத் தொடும். கோட்டயம் வழியாகப் போகிறவற்றில் பல டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். திருவனந்தபுரம் மெயிலில் வருகிறவரும், தென்மாவட்டத்திலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் வருகிறவரும் டவுனில்தான் இறங்க வேண்டும். உங்கள் வண்டி ஜங்ஷனிலேயே முடிகிறது, குழப்பமில்லை. தூக்கத்தில் ஸ்டேஷனைத் தவறவிடும் பயமும் இல்லை. பயணத் தேதிக்கு முந்தைய வாரம் ரயில் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் பராமரிப்பு வேலைக்காக நேரத்தை மாற்றுவதும், வண்டியைப் பாதியில் நிறுத்துவதும் உண்டு.

ஜங்ஷனில் இறங்கியதும் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடாதீர்கள். அங்கே கிளோக் ரூம் இருக்கிறது. பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள், அதனால் தஞ்சாவூரிலேயே ஒரு சின்னப் பூட்டை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஓர் இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கொரு தோள்பை போதும். படகில் ஏறும்போது உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று பையனுக்கு.

இப்போது படகு. வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறு இதை ஒரு சவாரியாக நினைப்பது. ஃபோர்ட் கொச்சிக்காரருக்குப் படகு என்பது நமக்கு டவுன் பஸ் மாதிரி. ஆபீஸ் போகிறவர், ஆஸ்பத்திரி போகிறவர், ஜவுளி எடுக்கப் போகிறவர் எல்லாரும் அதில்தான். அதனால் கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. காலையில் கூட்டம் ஃபோர்ட் கொச்சியிலிருந்து எர்ணாகுளத்துக்கு வரும், மாலையில் திரும்பும். நீங்கள் போவதோ இரண்டு வேளையும் எதிர்த்திசை. காலை எட்டு, எட்டரைக்கு எர்ணாகுளம் கரையில் நின்றால், வருகிற படகிலிருந்து ஜனம் திமுதிமுவென்று இறங்கும். அதே படகு திரும்பும்போது பெஞ்சு பாதி காலியாக இருக்கும். நிதானமாக ஏறலாம், அம்மாவை ஓரமாக உட்காரவைக்கலாம்.

படகு இரண்டு வகை. ஒன்று மாநில அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டும் பழைய படகு. சுபாஷ் பார்க்கை ஒட்டியிருக்கும் எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து கிளம்பும். ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். கட்டணம் ஆளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றது வாட்டர் மெட்ரோ. இது 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது. ஹைகோர்ட் டெர்மினலில் ஏற வேண்டும், போட் ஜெட்டியிலிருந்து வடக்கே இன்னும் ஒரு கிலோமீட்டர் போல. படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியவை. பாட்டரியில் ஓடுகிறவை, தேவைப்பட்டால் டீசல் ஜெனரேட்டரும் உண்டு. உள்ளே ஏசி. கட்டணம் பழைய படகைப்போலச் சில மடங்கு. இரண்டிலும் இருபது நிமிஷம் முன்னே பின்னே ஆகும்.

அம்மாவுக்கு எது? இதற்குப் பதில் ஏசியில் இல்லை, ஏறும் இடத்தில் இருக்கிறது. கொச்சிக் காயலில் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். பழைய ஜெட்டி அசையாத கான்கிரீட். படகு மட்டும் தண்ணீரோடு ஏறி இறங்கும். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் படகின் விளிம்பும் ஜெட்டியும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், எட்டி வைத்தால் போதும். வற்றியிருக்கும் நேரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கவோ மேலே ஏறவோ வேண்டியிருக்கும். முட்டி தேய்ந்தவர்களுக்கு அந்த ஒரு படிதான் வில்லங்கம், அதிலும் ஏறுவதைவிட இறங்குவது. வாட்டர் மெட்ரோவில் ஏறும் மேடையே மிதக்கும் மேடை. தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்குவதால் மேடையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியையே தள்ளிக்கொண்டு போகலாம். ஆகவே அம்மாவுக்காக என்றால் போகும்போது வாட்டர் மெட்ரோ, சந்தேகமே வேண்டாம். அதன் குறை ஒன்று, விடுமுறை நாட்களில் டிக்கெட் வரிசை நீண்டுவிடும். அரை மணி, ஒரு மணி நிற்க வேண்டியும் வரலாம். காலை முதல் சில படகுகளுக்குள் போய்விட்டால் அந்தத் தொல்லை குறைவு.

இருந்தாலும் ஒருமுறையாவது பழைய படகில் ஏறிப் பாருங்கள் என்பேன், பையனுக்காக. முன்னால் உயரத்தில் சக்கரம் பிடித்து நிற்பவர் ஸ்ராங்க். அவர் கையில் இன்ஜின் கிடையாது. இன்ஜின் நடுவில் பள்ளத்தில் இருக்கும், அதற்குத் தனியே ஒரு டிரைவர். ஸ்ராங்க் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும். எத்தனை அடி என்பதைக் கேட்டு டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னுக்கு எடுப்பார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஜெட்டியில் படகைப் பஞ்சு மாதிரி ஒட்டவைத்துவிடுவார்கள். லஸ்கர் என்கிற படகு உதவியாளர் கயிற்றை வீசி ஜெட்டியிலுள்ள குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கும் வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவசரக்காரர்கள் எழுந்து தாவுவார்கள், அவர்களைப் பார்த்து நீங்கள் எழுந்துவிடாதீர்கள். எல்லாரும் இறங்கியபின் லஸ்கரிடம் “அம்மாவுக்கு முட்டி வலி” என்று தமிழிலேயே சொல்லுங்கள், கை கொடுத்து இறக்கிவிடுவார். புதிய படகுகளில் இந்த மணியெல்லாம் இல்லை, ஸ்ராங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். மணி அடிக்கும் படகு கிடைத்தால் பையனை இன்ஜின் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சி – வைப்பின் படகில் ஒரு மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள். நீங்கள் இணையத்தில் பார்த்துப் பயந்த செய்தி அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் போகப்போகும் எர்ணாகுளம் – ஃபோர்ட் கொச்சித் தடம் அதுவல்ல, அந்தத் தடம் கழிமுகத்துக்கு இன்னும் அருகில் குறுக்கே கடப்பது. அங்கே இப்போது லாரி, கார், ஸ்கூட்டர், ஆள் எல்லாவற்றையும் ஏற்றும் ரோ-ரோ படகுகள் 2018 முதல் ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் ஜங்கார் என்பார்கள். எர்ணாகுளத் தடத்தின் பெரும்பகுதி தீவுகளுக்கு நடுவே காயலில் போகிறது, அலை கிடையாது. என் பயம் மூழ்குவதைப் பற்றியல்ல, வழுக்குவதைப் பற்றி. மழை நாளில் ஜெட்டியின் விளிம்பும் படகின் இரும்புத் தளமும் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். ரப்பர் அடிச் செருப்பு, முடிந்தால் பின்வார் வைத்தது. அம்மாவின் புடவை கொஞ்சம் தூக்கிச் செருகியிருக்கட்டும். ஜூன், ஜூலையில் காற்று மிஞ்சினால் படகைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை காயல் முழுக்க மிதந்துவந்து இன்ஜினில் சிக்குவதும் உண்டு. அப்படி நின்றுபோனாலும் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஃபோர்ட் கொச்சி தீவல்ல. தோப்பும்படி, பாலம், வில்லிங்டன் தீவு வழியாக எர்ணாகுளத்துக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது. ராத்திரி ரயிலைப் பிடிக்க இது ஒரு தைரியம்.

போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் போள்காட்டித் தீவும், பிறகு வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்களும் தெரியும். இடது பக்கம் வில்லிங்டன் தீவு. தீவின் மூக்கைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறும், காற்று உப்புக் கலந்து அடிக்கும். அங்கே சில நாள் ஓங்கில், அதாவது டால்பின், துள்ளும். பையனிடம் முன்கூட்டியே சொல்லி ஆசை காட்டாதீர்கள், தெரிந்தால் தெரியட்டும்.

இனி கிழமை. மட்டாஞ்சேரியின் பரதேசி யூதக் கோயில் சனிக்கிழமை திறக்காது, அது யூதர்களின் ஓய்வு நாள். வெள்ளியும் அதை நம்ப முடியாது. மட்டாஞ்சேரி அரண்மனை, அதாவது எல்லாரும் டச்சு அரண்மனை என்று சொல்வது, வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை, அப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே நீங்கள் நினைத்தபடி சனிக்கிழமை ஒரே நாளில் வந்தால் யூதக் கோயில் போச்சு. சனி இரவு தங்கினால் எல்லாம் தானாகப் பொருந்தும்: சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு மட்டாஞ்சேரி, ஞாயிறு இரவு ரயில். எர்ணாகுளம் – காரைக்கால் வண்டி ஜங்ஷனிலிருந்து இரவு பத்துக்கு மேல்தான் கிளம்புகிறது, கடைசி நாள் முழுதும் கையில் இருக்கும். திங்கள் காலை தஞ்சாவூர்.

சனிக்கிழமை படகிலிருந்து இறங்கியதும் சீன வலைகள் பக்கம் போங்கள். வாட்டர் மெட்ரோவில் வந்தால் கிட்டத்திலேயே இறங்குவீர்கள். பழைய படகு கஸ்டம்ஸ் ஜெட்டியில் இறக்கும், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை, அம்மாவுக்கு ஆட்டோ. சாயங்காலச் சூரியனுக்கு எதிரில் வலையைப் படம் பிடிப்பதற்காகத்தான் எல்லாரும் வருகிறார்கள். வலை வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் காலைதான் சரி. கரையிலிருந்து நீட்டிய பெரிய மரச் சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள். வலையைத் தண்ணீரில் இறக்குவதற்கு ஒருவர் சட்டத்தின்மேல் நடந்தால் போதும், அவர் எடையிலேயே அது சாயும். தூக்குவதற்கு நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார, வலை மேலே வரும். பெரும்பாலும் அதில் ஒரு கை அளவு மீன்தான் இருக்கும். “வாங்க, நீங்களும் இழுங்க” என்று கூப்பிடுவார்கள், பையன் குதித்துக்கொண்டு போவான். இழுத்தபின் காசு கேட்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, மீனில் வராத வருமானம் அது. எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்த வலை எப்படி வந்தது என்று அங்கே ஆளுக்கொரு கதை சொல்வார்கள். செங் ஹ என்ற சீனக் கடற்படைத் தலைவர் கொண்டுவந்தார் என்பது ஒன்று, மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் நிறுவும் அளவுக்கு ஆவணம் கிடையாது. அதேபோல 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம்தான் முசிறியை மூடிக் கொச்சியைத் திறந்தது என்று பலகைகளிலேயே எழுதியிருப்பார்கள். ஆறு திசை மாறியது, கடற்கரை மாறியது என்பதெல்லாம் நம்பத்தக்கது. எல்லாம் அந்த ஒரே வெள்ளத்தில் நடந்தது என்பதை ஆய்வாளர்கள் எல்லாரும் ஏற்கவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: போர்த்துக்கீசியர் 1503இல் இங்கே கோட்டை கட்டினார்கள். டச்சுக்காரர்கள் 1663இல் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஊரின் பெயரில் கோட்டை இருக்கிறதே தவிர, இன்று பார்க்கக் கோட்டை என்று ஒன்றும் இல்லை. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், செஞ்சியை நினைத்துக்கொண்டு வந்து ஏமாறக் கூடாது.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது என்று கூட்டிப்போவார்கள். அவர் 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்ததும் அங்கே புதைக்கப்பட்டதும் உண்மை. ஆனால் எலும்புகளைச் சில வருஷங்களிலேயே போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது இருப்பது கைப்பிடிச் சட்டம் போட்ட ஒரு தரைக்கல். எனக்கு அதைவிடப் பிடித்தது மேலே தொங்கும் துணி விசிறிகள். உத்தரத்திலிருந்து நீளத் தொங்கும் அந்த விசிறிகளின் கயிறு சுவரிலுள்ள துளை வழியாக வெளியே போகும். வெளியில் வெயிலில் ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்க, உள்ளே துரைமார் காற்று வாங்கிக்கொண்டு ஜெபம் செய்தார்கள். பையனுக்கு அந்தத் துளையைக் காட்டுங்கள், சரித்திரப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

மத்தியானம் வெயிலுக்கு அறையில் படுத்துவிட்டு, மூன்றரை வாக்கில் ஆட்டோ பிடித்து ‘வெளி’ என்ற இடத்து மைதானத்துப் பக்கம் இருக்கும் தோபி கானா என்ற சலவைக்கூடத்துக்குப் போங்கள். சுற்றுலாக்காரர்கள் பத்து நிமிஷத்தில் படம் எடுத்துவிட்டுப் போகும் இடம் இது. தமிழர்கள் கொஞ்சம் உட்கார வேண்டும். அங்கே துவைக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் வாழும் தமிழ் வண்ணார் குடும்பங்கள். வீட்டில் இன்னும் தமிழ் பேசுகிறார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையாட்களின் சீருடை வெளுக்கத் தங்களைக் கூட்டிவந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். இப்போதைய கட்டிடமும் துவைக்கும் தொட்டிகளும் 1976இல் கட்டியவை. நான் குடியிருந்தது பக்கத்துத் தெருவில்தான். காயப்போடுவதை நின்று பாருங்கள். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கை விரலால் லேசாகப் பிரித்து, வேட்டியின் முனையை அந்த இடுக்கில் செருகிவிட்டால் கயிறே கடித்துக்கொள்ளும். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. உள்ளே கரி இஸ்திரிப் பெட்டி, கஞ்சி, நீலம் எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். “எந்த ஊரு?” என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள், அம்மாவுக்கு அங்கே பேச்சுத் துணைக்குப் பஞ்சம் இருக்காது.

கடற்கரை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மணல் பல இடங்களில் அரித்துப் போய்விட்டது. மழை மாதங்களில் காயல் கக்கும் குப்பையும் ஆகாயத்தாமரையும் கரையெல்லாம் ஒதுங்கியிருக்கும். குளிக்க இறங்கவே கூடாது, கப்பல் போவதற்காக ஆழமாக வெட்டிய வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது, இழுப்பு அதிகம். ஆனால் நடைபாதைத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்று கிடைக்கும்: கப்பல். கொச்சித் துறைமுகத்துக்குள் வரும் எல்லாக் கப்பலும் இந்த ஒரே கழிமுகத்தின் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். வெளிக்கடலிலேயே கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறிவிடுவார். உள்ளே வந்ததும் இழுவைப் படகுகள் எதிர்கொண்டுபோய் இருபக்கமும் ஒட்டிக்கொள்ளும். மாடி மாடியாகக் கண்டெய்னர் அடுக்கிய கப்பல் சீன வலைக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்து போகும்போது, தொழிலே அதுவாக இருந்த நானே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். கப்பல் எப்போது வரும் என்று கணக்குப் போட வேண்டாம். கைபேசியில் கப்பல் நடமாட்டம் காட்டும் செயலி ஒன்றைப் பையனிடம் கொடுத்துவிட்டால் அவனே சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடித்துவிட்டு ஆட்டோவில் மட்டாஞ்சேரி. இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அரண்மனையைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். டச்சு அரண்மனை என்ற பெயர் அதனால் வந்ததுதான். உள்ளே பள்ளியறையில் சுவர் முழுக்க ராமாயணம். இயற்கை வண்ணத்தில் பச்சையும் காவியுமாக, தரையிலிருந்து மேல்வரை இடைவெளியில்லாமல் எழுதியிருக்கிறார்கள். பெரிய கோயில் சோழர் ஓவியமும் அரண்மனை மராட்டியர் ஓவியமும் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், இந்தப் பாணி அவை இரண்டிலும் சேராது என்பது உடனே தெரியும். காட்சிக்கூடம் மாடியில். படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினால் அம்மாவால் முடியும். அவசரப்படுத்தாதீர்கள்.

அங்கிருந்து யூதத் தெரு நடை தூரம். 1568இல் கட்டிய கோயில். தரையில் கையால் வரைந்த நீல வெள்ளைச் சீனத்து ஓடுகள். பத்து மணிக்குத் திறந்து மதியம் மூடி மறுபடி மூன்றுக்குத் திறப்பார்கள், ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், கையில்லாத ஆடையோடு விட மாட்டார்கள். தெருவின் கடைகளில் வாசனைச் சாமான் விலை சுற்றுலாக்காரர் விலை. மிளகும் ஏலமும் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பஜார் ரோட்டு மொத்தக் கடைகளில் வாங்கலாம், ஆனால் ஞாயிறு அங்கே பெரும்பாலும் கதவடைப்பு. வாங்காவிட்டாலும் குடி முழுகாது. சைவம் என்றால் குஜராத்தி ரோட்டுப் பக்கம் போங்கள். மட்டாஞ்சேரியில் குஜராத்திகளும் கொங்கணிகளும் நூற்றாண்டுகளாக இருப்பதால் அங்கே நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும்.

மட்டாஞ்சேரியிலும் 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ டெர்மினல் திறந்துவிட்டார்கள், அரண்மனைக்கு மிக அருகில். முன்பெல்லாம் நான் மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பிப் போய்ப் படகேறச் சொல்வேன், இப்போது வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஏறி நேராக ஹைகோர்ட் வந்துவிடலாம். பழைய படகைப் பையனுக்குக் காட்ட வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் கஸ்டம்ஸ் ஜெட்டியிலிருந்து எர்ணாகுளம் போய் அடுத்த படகிலேயே திரும்பிவிடுங்கள், நீங்களும் அவனும் மட்டும். அம்மா அறையில் காலை நீட்டிக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் திரும்பிவரும் படகில் வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தோடு நின்றுகொண்டுதான் வர வேண்டும், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

எப்போது போவது? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஆனால் டிசம்பர் 31 மட்டும் வேண்டவே வேண்டாம். நள்ளிரவில் பாப்பாஞ்சி என்ற கிழவன் பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஊர் கொள்ளாத ஜனம் திரளும், பாதையையும் படகையும் கட்டுப்படுத்துவார்கள், முதியவரோடும் குழந்தையோடும் அதில் சிக்கக் கூடாது. ஏப்ரல், மே புழுக்கம் தஞ்சாவூர் வெயிலைவிட மோசம்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், வெள்ளி இரவு தஞ்சாவூரில் ஏறுவதாகவும் ஞாயிறு இரவு எர்ணாகுளத்தில் ஏறுவதாகவும் போடுங்கள். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் பிரிவில் கீழ்ப்படுக்கை கேட்டு, மூவருக்கும் ஒரே பெட்டியில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மேல்படுக்கையின் ஏணியை விட அந்தப் படகு எவ்வளவோ மேல்.